லீஜனா, ஸ்காரா? ஒரே மாதிரி தெரியும் இரண்டு கேமிங் லேப்டாப்களில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி

என் சித்தி பையன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாட்ஸ்அப்பில் இரண்டு லிங்க் அனுப்பினான். கூடவே ஒரே வரி: "அண்ணே, ரெண்டுல எது?" ஒன்று லெனோவோ லீஜன் ப்ரோ 7ஐ, பத்தாம் தலைமுறை. மற்றது ஆசஸ் ஆர்ஓஜி ஸ்ட்ரிக்ஸ் ஸ்கார் 16. இரண்டும் 2025 மாடல், இரண்டும் மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல். விவரப் பட்டியலைப் பார்த்தால் அச்சு அசல் இரட்டைப் பிள்ளைகள். மூன்று வாரமாக யூடியூப் பார்த்தும் அவனுக்குத் தெளிவு பிறக்காததில் ஆச்சரியமே இல்லை.

அன்று மாலை நாங்கள் உட்கார்ந்து செய்ததை அப்படியே படிப்படியாக எழுதுகிறேன். நீங்கள் தவிப்பது வேறு இரண்டு மாடல்களுக்கு நடுவே என்றாலும் வழி இதுதான். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: ஒன்றாக இருப்பதை அடித்துவிடுங்கள்

தாளின் நடுவில் கோடு போட்டு, இந்தப் பக்கம் லீஜன், அந்தப் பக்கம் ஸ்கார் என்று விவரங்களை எழுதினோம். பிறகு இரண்டு பக்கமும் ஒத்துப்போகிற வரிகளை ஒவ்வொன்றாக அடித்தோம்.

பிராசசர் இரண்டிலும் இன்டெல் கோர் அல்ட்ரா 9 275எச்எக்ஸ். மொத்தம் 24 கோர், அதாவது கணக்குப் போடும் பகுதிகள். அதில் 8 வேகத்துக்கு, 16 சிக்கனத்துக்கு. அடி. கிராபிக்ஸ் இரண்டிலும் என்விடியா ஆர்டிஎக்ஸ் 5080, 16 ஜிபி நினைவகம். அடி. திரை 16 அங்குலம், 2560×1600 பிக்சல், 240 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 240 முறை படம் மாறும்). அளவை மட்டும் அடி. திரையின் வகைக்குத் திரும்ப வருவோம். டிடிஆர்5 ரேம், மாற்றிக்கொள்ளக்கூடிய இரண்டு ஸ்லாட். அடி.

தாளில் பாதி காலி. வீடியோக்களில் பெரும்பகுதி நேரம் இந்த அடிபட்ட வரிகளுக்குத்தான் போகிறது. ஒரே சிப் உள்ள இரண்டு லேப்டாப்பில் ஒன்று நொடிக்கு நாலைந்து ஃபிரேம் (விளையாட்டில் வரையப்படும் படங்கள்) கூடுதலாகக் காட்டியது என்பதற்காக யாரும் மூன்று லட்சத்தை இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளக்கூடாது. அதே கடையில் அதே மாடலில் இன்னொரு பெட்டியைப் பிரித்தாலும் அந்த அளவு வித்தியாசம் வரும்.

படி 2: பெயரைப் பார்க்காதீர்கள், வாட்டைப் பாருங்கள்

இது நான் பட்டுத் தெரிந்துகொண்டது. சில வருடங்களுக்கு முன் ஆர்டிஎக்ஸ் 3070 என்ற பெயரை மட்டும் பார்த்து ஒல்லியான லேப்டாப் ஒன்றை வாங்கினேன். எந்த நிறுவனம் என்பது இப்போது வேண்டாம். வீட்டுக்கு வந்த பிறகுதான் அதில் அந்தச் சிப்புக்கு 80 வாட் மட்டும் கொடுத்திருப்பது தெரிந்தது. அதே பெயருள்ள சிப்புக்கு 125 வாட் கொடுத்த தடிமனான லேப்டாப் என் நண்பனிடம் இருந்தது, விலையும் குறைவு. அவன் விளையாடும்போது பக்கத்தில் உட்காரவே எனக்குப் பிடிக்காது.

லேப்டாப் கிராபிக்ஸ் சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் தருவது என்பதை, என்விடியா கொடுத்திருக்கும் வரம்புக்குள், லேப்டாப் தயாரிப்பவரே முடிவுசெய்கிறார். 5080ஐப் பொறுத்தவரை உச்சம் 175 வாட்: அடிப்படையாக 150, அதோடு பிராசசர் சும்மா இருக்கும்போது அதன் பங்கிலிருந்து வாங்கிக்கொள்ளும் 25. லீஜன், ஸ்கார் இரண்டுமே அந்த முழு 175ஐயும் தருகின்றன. எனவே இந்த வரியும் அடி. ஆனால் நீங்கள் ஒப்பிடுகிற ஜோடியில் ஒன்று மெல்லியது, ஒன்று தடித்தது என்றால் இந்த வரியிலேயே முடிவு வந்துவிடும்.

இங்கே தம்பி ஒரு கேள்வி கேட்டான்: "இன்னும் கொஞ்சம் போட்டு 5090 எடுத்துடலாமா?" பெயர் மயக்கம் இங்கேதான். மேசைக் கணினிக்கு வரும் 5090இல் 21,760 கூடா கோர் (கிராபிக்ஸ் சிப்புக்குள் கணக்குப் போடும் சின்னப் பகுதிகள்), 32 ஜிபி நினைவகம். அது 575 வாட் வரை இழுக்கும். லேப்டாப் 5090இல் 10,496 கோர், 24 ஜிபி, உச்சம் அதே 175 வாட். பெயர் ஒன்று, ஆள் வேறு. லேப்டாப் 5080இல் 7,680 கோர். அதாவது 5090இல் வேலைக்காரர்கள் அதிகம், ஆனால் அதே பானைச் சோற்றைத்தான் பங்குபோட வேண்டும். கோர் எண்ணிக்கை கூடுகிற அளவுக்கு ஃபிரேம் கூடாது. வீட்டிலேயே ஏஐ மாடல்களை ஓட்டுபவர்களுக்கும், பிளெண்டர் என்ற 3டி மென்பொருளில் கனமான காட்சிகளை ரெண்டர் செய்பவர்களுக்கும் அந்த 24 ஜிபி பயன்படும். விளையாட மட்டும் என்றால் 5080 போதும் என்பது என் கட்சி.

படி 3: முழு மாடல் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்

"லீஜன் ப்ரோ 7ஐ" என்பது குடும்பப் பெயர் மாதிரி. அதே பெயரில் முந்தைய தலைமுறையும் கடையில் கிடக்கும். ரேமும் எஸ்எஸ்டியும் வேறுவேறாக இருக்கும். விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால் முதலில் தலைமுறையைப் பாருங்கள். ரேம் 32 ஜிபி என்று போட்டிருந்தால், 16 ஜிபி இரண்டு கட்டையா, 32 ஜிபி ஒரே கட்டையா என்று கேளுங்கள். ஒரே கட்டை என்றால் பிராசசருக்கும் ரேமுக்கும் நடுவே பாதிச் சாலை மூடிக்கிடக்கிறது என்று பொருள். வாலரன்ட் மாதிரி பிராசசரை நம்பி ஓடும் விளையாட்டுகளில் இது நன்றாகவே தெரியும்.

படி 4: திரை. நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான்

அளவு, பிக்சல், ஹெர்ட்ஸ் எல்லாம் ஒன்று. ஆனால் லீஜனில் இருப்பது ஓஎல்இடி, ஸ்காரில் மினி எல்இடி. இரண்டும் வெளிச்சத்தை உண்டாக்கும் விதமே வேறு.

ஓஎல்இடியில் ஒவ்வொரு பிக்சலும் தனி விளக்கு. கறுப்பு காட்ட வேண்டுமென்றால் அந்தப் பிக்சல் அணைந்துவிடும். அதனால் இருட்டுக் குகைக்குள் தீப்பந்தம் ஏந்திப் போகும் காட்சியில் தீ மட்டும் எரியும், சுற்றிலும் நிஜமான இருட்டு. நிறம் மாறும் வேகமும் அதிகம் என்பதால் கேமராவைச் சட்டென்று திருப்பினாலும் உருவங்கள் பின்னால் இழுபடுவதில்லை.

மினி எல்இடி என்பது எல்சிடி திரைதான். பின்னால் ஒரே விளக்குக்குப் பதில், ஆயிரத்துக்கும் மேற்பட்ட பகுதிகளாகப் பிரிந்து தனித்தனியே கூடிக்குறையும் விளக்குகள். ஆயிரம் என்றால் நிறைய என்று தோன்றும். திரையில் இருப்பதோ சுமார் 41 லட்சம் பிக்சல். ஒரு பகுதியின் கீழ் சில ஆயிரம் பிக்சல்கள் வந்துவிடுகின்றன. அதனால் கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்தோ மவுஸ் அம்போ வந்தால் அதைச் சுற்றி மெல்லிய புகைபோல ஒளி கசியும். பதிலுக்கு அதன் பிரகாசம் தனி ரகம்: வெளிச்சமும் இருட்டும் தூக்கலாகத் தெரியும் எச்டிஆர் காட்சிகளில் 1000 நிட்ஸைத் (பிரகாசத்தின் அளவு) தாண்டும், அதுவும் திரையின் பெரும்பரப்பில். லீஜனின் சாதாரண உச்சம் 500 நிட்ஸ். ஓஎல்இடி எச்டிஆரில் அதைவிட மேலே போகும்தான், ஆனால் சின்னச் சின்ன இடங்களில் மட்டும்.

ஓஎல்இடிக்கு ஒரு குறை உண்டு: ஒரே உருவம் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நின்றால் தடம் பதியலாம். விண்டோஸின் டாஸ்க்பார், விளையாட்டின் மூலையில் எப்போதும் நிற்கும் வரைபடம், நாள் முழுக்கத் திறந்திருக்கும் எக்செல் கட்டங்கள் எல்லாம் அந்தக் கணக்கில் வரும். டாஸ்க்பாரைத் தானாக மறையவிட்டு, ஐந்து நிமிடத்தில் திரை அணையும்படி வைத்தால் பெரிய கவலை இல்லை. இதைச் செய்ய மனமில்லை என்பவர்கள் மினி எல்இடி பக்கம் போவது நல்லது.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். பகல் வெளிச்சத்தில், ஜன்னலோரம் உட்கார்ந்து பயன்படுத்துபவரா? தாளில் ஸ்கார் பக்கம் ஒரு டிக். ராத்திரி விளக்கணைத்து விளையாடுபவரா? லீஜன் பக்கம் டிக். கடைக்குப் போக முடிந்தால் இரண்டிலும் கறுப்புப் பின்னணியுள்ள ஒரே படத்தைத் திறந்து பாருங்கள். வீடியோவில் இந்த வித்தியாசம் தெரியாது. நீங்கள் பார்ப்பது உங்கள் போன் திரையின் கறுப்பைத்தான்.

படி 5: சூடும் சத்தமும்

இரண்டுமே விளையாடும்போது சத்தம் போடும். அமைதியான 175 வாட் லேப்டாப் என்று ஒன்று கிடையாது. பிராசசர் 90 டிகிரிக்கு மேல் போவதும் இந்த வகையில் சகஜம், பதற வேண்டாம். ஆனால் சோதனைகள் பெரும்பாலும் ஏசி அறையில் நடக்கின்றன. மே மாதம் மதுரையில் மின்விசிறி மட்டும் ஓடும் அறையில் அந்த எண்கள் பொருந்தாது. உள்ளே போகும் காற்றே சூடு. முடிந்தவரை மேசையில், பின்பக்கம் ஒரு அங்குலம் தூக்கி வையுங்கள். மெத்தைமேல் மட்டும் வேண்டாம்.

உச்ச வேக மோடில் யாரும் எப்போதும் விளையாடுவதில்லை. லீஜனில் எஃப்என் விசையோடு க்யூவை அழுத்தினால் மோடு மாறும், பவர் பட்டனின் நிறமும் மாறும்: நீலம் அமைதி, வெள்ளை நடுத்தரம், சிவப்பு முழுவேகம். ஸ்காரில் எஃப்என்னோடு எஃப்5. ஒப்பிடும்போது நடு மோடில் எத்தனை ஃபிரேம், எவ்வளவு சத்தம் என்று சொல்லும் சோதனையைத் தேடிப் படியுங்கள்.

ஸ்காரில் வெப்பம் கடத்தச் சிப்பின்மேல் திரவ உலோகம் பூசியிருக்கிறார்கள். சாதாரண பேஸ்ட்டைவிட நன்றாக வேலை செய்யும். ஆனால் அது மின்சாரத்தையும் கடத்தும். தெருமுனை சர்வீஸ் கடையில் ஹீட்சிங்கை, அதாவது சிப்பின் சூட்டை வாங்கும் உலோகப் பகுதியை, கழற்றவிடாதீர்கள்.

படி 6: கை படுகிற இடங்கள்

தம்பி ஆடிட்டர் ஆபீசில் வேலை பார்க்கிறான். லீஜனில் கீபோர்டின் வலப்பக்கம் நம்பர் பேட் உண்டு; ஸ்கார் 16இல் இல்லை. யூடியூப்பில் இதை யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. தாளில் நான் எழுதியதைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தான்.

போர்ட்டுகளில் ஸ்கார் முன்னால் நிற்கிறது: டைப்-சி வடிவில் வரும் அதிவேகப் போர்ட்டான தண்டர்போல்ட் 5 இரண்டு. லீஜனில் ஒரு தண்டர்போல்ட் 4. வேகமான வெளி எஸ்எஸ்டியில் வீடியோ எடிட் செய்பவர்களுக்கு இது பெரிய விஷயம், மற்றவர்களுக்கு வெறும் எண்.

சார்ஜர் லீஜனுக்கு 400 வாட், ஸ்காருக்கு 380 வாட். இரண்டும் செங்கல். லேப்டாப் எடையை மட்டும் படித்துவிட்டுத் தினமும் பையில் தூக்கிப் போகலாம் என்று கணக்குப் போடாதீர்கள். இதையும் சேர்த்துத் தூக்கிப் பாருங்கள். டைப்-சி வழியாகவும் சார்ஜ் ஏறும், லீஜனில் 140 வாட் வரை. ஆபீஸ் வேலைக்குச் சின்ன சார்ஜர் போதும், விளையாட்டுக்குப் போதாது. பேட்டரி லீஜனில் 99, ஸ்காரில் 90 வாட்-அவர். விமானத்தில் தனி அனுமதி இல்லாமல் கொண்டுபோக 100 தான் வரம்பு, அதனால்தான் எல்லோரும் அதற்குள்ளேயே நிற்கிறார்கள். எவ்வளவு பெரிய பேட்டரி என்றாலும் வயர் இல்லாமல் விளையாடும் ஆசையை விட்டுவிடுங்கள்: வேகமும் இறங்கும், சார்ஜும் ஒரு மணி நேரத்தை ஒட்டித் தீரும்.

படி 7: திறந்து பார்க்கும் ஆளா?

2025 ஸ்காரின் அடிமூடியை ஸ்க்ரூடிரைவர் இல்லாமலேயே திறக்கலாம், ஒரு தாழ்ப்பாளைத் தள்ளினால் போதும். மாதம் ஒருமுறை ஃபேன் தூசியைத் தட்டுபவர்களுக்கும், பிறகு எஸ்எஸ்டி சேர்க்க நினைப்பவர்களுக்கும் இது வரம். லீஜனில் திருகாணிகளைக் கழற்ற வேண்டும். கஷ்டமில்லை, பொறுமை வேண்டும்.

படி 8: உங்கள் ஊரில் யார் வந்து பார்ப்பார்கள்?

நிறுவனத்தின் இணையதளத்தில் உங்கள் பின்கோடைப் போட்டு சர்வீஸ் சென்டர் எங்கே என்று பாருங்கள். வீட்டுக்கே வந்து பழுதுபார்க்கும் வாரன்டியா, நீங்கள் தூக்கிப் போக வேண்டுமா? கீழே விழுந்தால், தண்ணீர் கொட்டினால் அதில் சேருமா? கூடுதல் வாரன்டி எடுத்தால் எவ்வளவு? இந்த விலையில் மதர்போர்டு போனால் பாதி லேப்டாப் வாங்கும் காசு ஆகும். விலையில் பத்தாயிரம் மிச்சம் பிடித்து வாரன்டியை விடுவதை நான் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

படி 9: டிக் எண்ணி வாங்குங்கள், முதல் வாரம் சும்மா இருக்காதீர்கள்

தாளில் கடைசியில் மிஞ்சியவை திரை வகை, நம்பர் பேட், போர்ட், மூடி, சர்வீஸ் என்ற ஐந்து வரிகள்தான். தம்பிக்குத் திரையும் நம்பர் பேடும் லீஜன் பக்கம் போயின. போர்ட்டும் மூடியும் ஸ்கார் பக்கம், ஆனால் அவன் இரண்டையும் பயன்படுத்தப்போவதில்லை என்று அவனே அடித்துவிட்டான். சர்வீஸ் அவன் ஊரில் சமம். லீஜன் வாங்கினான். அவனே வீடியோ எடிட்டராக, ஜன்னலோர மேசையில் உட்கார்பவனாக இருந்திருந்தால் அதே தாளில் ஸ்கார் வந்திருக்கும்.

பெட்டியைப் பிரிக்கும்போது போனில் வீடியோ எடுத்துவையுங்கள். திருப்பிக் கொடுக்கும் நாள் முடிவதற்குள் இவற்றைப் பாருங்கள்: திரை முழுக்கக் கறுப்பு, வெள்ளை, சிவப்பு, பச்சை, நீலம் என்று மாற்றி, செத்த பிக்சல் உண்டா என்று தேடுங்கள். என்விடியா கன்ட்ரோல் பேனலில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைத் திறந்து கிராபிக்ஸ் சிப்பின் உச்ச வாட் 175 என்று இருக்கிறதா பாருங்கள். டாஸ்க் மேனேஜரில் ரேம் எத்தனை ஸ்லாட்டில் இருக்கிறது என்று தெரியும். பிறகு கனமான விளையாட்டு ஒன்றை ஒரு மணி நேரம் ஓட்டி, ஃபிரேம் பாதியில் இறங்குகிறதா, ஃபேனில் கரகர சத்தம் வருகிறதா என்று கவனியுங்கள்.

தம்பி எல்லாம் சரியாக இருப்பதாக நான்காம் நாள் போன் செய்தான். சார்ஜர் மட்டும் பைக்குள் நுழையவில்லையாம். புதுப் பை எது வாங்கலாம் என்று இரண்டு லிங்க் அனுப்பியிருக்கிறான்.