டிசைன் பேப்பரில் வாழ்த்து அட்டை: எங்கே தவறுகிறோம்?

பொங்கல் நெருங்கும்போது கடை வாசலில் கயிறு கட்டி வாழ்த்து அட்டைகளைத் தொங்கவிட்டிருந்த காலம் இருந்தது. கரும்பும் பானையும் மாடும் அச்சிட்ட அந்த அட்டைகளைப் பொறுக்கி எடுக்கவே ஒரு மாலை போய்விடும். இன்று கைப்பேசியில் ஒரு படத்தை அனுப்பிவிட்டு முடித்துக்கொள்கிறோம். அதனாலேயே, கையால் செய்த ஓர் அட்டை தபாலில் வந்தால் பெரியவர்கள் அதைப் பீரோ கண்ணாடியின் ஓரத்தில் செருகி வைத்துவிடுகிறார்கள். வருடக்கணக்கில் அங்கேயே இருக்கும். அவ்வளவு நாள் இருக்கப்போகிற ஒன்றைக் கொஞ்சம் கவனமாகச் செய்யலாமே என்பதுதான் என் ஆசை.

நான் செய்த முதல் சில அட்டைகள் ஒரே வாரத்தில் படகுபோல் வளைந்துவிட்டன. காரணம் பசை. வீட்டில் இருக்கும் வெள்ளைப் பசையில் தண்ணீர் இருக்கிறது. அதைத் தடவியதும், முகப்பில் ஒட்டும் டிசைன் பேப்பர் (பூ, புள்ளி, கோடு அச்சிட்ட தாள்) ஈரத்தில் விரிகிறது. விரிந்த நிலையிலேயே அட்டையில் ஒட்டிக்கொள்கிறது. பிறகு காயும்போது சுருங்கி, அடியில் இருக்கும் அட்டையையும் தன்னோடு இழுக்கிறது. பசை அதிகமானால் இழுப்பும் அதிகம். டபுள் சைடு டேப்போ பசைக்குச்சியோ இருந்தால் இந்தத் தொல்லையே இல்லை. வெள்ளைப் பசைதான் இருக்கிறது என்றால், பழைய ஏடிஎம் கார்டால் மிக மெல்லியதாக வழித்துத் தடவி, ஒட்டியதும் கனமான புத்தகங்களுக்கு அடியில் ஓர் இரவு வையுங்கள். இன்னொரு வழியும் உண்டு. முகப்பில் ஒட்டியதைப் போலவே, அதன் நேர் பின்னால் உள்பக்கத்திலும் ஏறக்குறைய அதே கனமுள்ள வெள்ளைத் தாள் ஒன்றை ஒட்டுங்கள். இரண்டு பக்கமும் சமமாக இழுப்பதால் அட்டை நேராக நிற்கும். எழுதவும் இடம் கிடைக்கும்.

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் டிசைனை அச்சடித்துக்கொள்பவர்கள் வெள்ளைப் பசையைத் தொடாமல் இருப்பதே நல்லது. அந்த மைகளில் பல, ஈரம் பட்டால் கசிந்து ஓடும்.

அடுத்தது மடிப்பு. இயந்திரத்தில் செய்த காகிதத்தில் நார்கள் பெரும்பாலும் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசையோடு மடித்தால் மடிப்பு வழுவழுவென்று விழும். குறுக்கே மடித்தால் விளிம்பு வெடித்து, நிறத்துக்கு அடியிலிருந்து வெள்ளை எட்டிப் பார்க்கும். திசையைக் கண்டுபிடிக்க, தாளை மடிக்காமல் மெதுவாக வளைத்துப் பாருங்கள். முதலில் நீளவாக்கில், பிறகு அகலவாக்கில். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ அந்த வளைவுக்கு இணையாக மடிக்க வேண்டும். ஒட்டும்போதும் டிசைன் பேப்பரின் நார்த் திசையும் அட்டையின் நார்த் திசையும் ஒன்றாக இருந்தால் அட்டை முறுக்கிக்கொள்ளாது. தடித்த அட்டையை வெறுங்கையால் மடிக்கவே கூடாது. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்டீல் ஸ்கேலோடு சேர்த்து அழுத்தி ஒரு கோடு இழுங்கள். பள்ளம் அட்டையின் வெளிப்பக்கமும், அதன் மறுபுறம் புடைக்கும் மேடு உள்பக்கமும் வரும்படி மடியுங்கள். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் செய்தேன்.

தாளின் கனத்தைப் பார்க்காமல் வாங்குவதும் வழக்கமான தவறு. ஜெராக்ஸ் தாள் 70 முதல் 80 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) வரை இருக்கும். அதில் அட்டை செய்தால் நிற்காது, துவண்டுவிடும். அடி அட்டைக்கு 250 அல்லது 300 ஜிஎஸ்எம் வேண்டும். சென்னையில் இருப்பவர்களுக்குப் பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் எல்லாக் கனத்திலும் தாள் கிடைக்கும். மற்ற ஊர்க்காரர்கள் கடையில் ‘ஐவரி போர்டு’ என்று கேட்டுப் பாருங்கள். வாங்கச் செலவழிக்க வேண்டாம் என்பவர்களுக்குப் பழைய கல்யாணப் பத்திரிகைகளே பெரிய புதையல். ஆனால் பளபளப்பான பூச்சு உள்ள பத்திரிகையில் வெள்ளைப் பசை பிடிக்காது, டேப்தான் சரி. மஞ்சள் தடவிய மூலையை மறக்காமல் வெட்டி எடுத்துவிடுங்கள், கறை பக்கத்துத் தாளிலும் ஏறும்.

கையால் தயாரிக்கும் கைக்காகிதத்தின் குணமே வேறு. ஜெய்ப்பூர் அருகே சாங்கானேரில் இந்தத் தொழில் நெடுங்காலமாக நடக்கிறது. தஞ்சாவூரில் பிறந்த காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பாவின் பெயரில் ஒரு தேசியக் கைக்காகித நிறுவனமும் அங்கே இருக்கிறது. நமக்குப் பக்கத்தில் புதுச்சேரி அரவிந்தர் ஆசிரமக் கைக்காகிதமும், அதன் பளிங்குக்கல் போன்ற வண்ணச் சுழல்களும் பெயர் பெற்றவை. இந்த வகைத் தாளை மழுங்கிய பிளேடால் வெட்டினால் நார் நாராகப் பிய்ந்துவிடும். புது பிளேடு, லேசான அழுத்தம், இரண்டு மூன்று முறை இழுப்பு. அடியில் வைக்கப் பழைய தினசரி காலண்டர் அட்டை போதும். பேனா மை இதில் பரவலாம்; எழுதுவதற்கு முன் துண்டுத் தாளில் சோதித்துக்கொள்ளுங்கள்.

இனி டிசைன் பற்றி. அழகான தாள்கள் நான்கைக் கையில் எடுத்தால் நான்கையும் ஒரே அட்டையில் ஒட்டத் தோன்றும். வேண்டாம். பெரிய பூ ஒன்று, பொடிக் கட்டமோ புள்ளியோ ஒன்று, வெற்று நிறம் ஒன்று என்றால் கண் தடுமாறாது. முகப்பே 105 × 148 மி.மீ. இருக்கும் அட்டையில் உள்ளங்கை அகல மாங்காய் டிசைனை ஒட்டினால் அது மாங்காயாகத் தெரியாது, பாதி வளைவாகத்தான் தெரியும். கோடு போட்ட தாளில் ஒரு மில்லிமீட்டர் சாய்வு கூடக் காட்டிக்கொடுத்துவிடும். வெட்டிப் பழகும்வரை புள்ளி, பூ வகைகளே நல்லது. தாளை அட்டையின் விளிம்பு வரை ஒட்டாமல், சுற்றிலும் 3 மி.மீ. இடைவெளி விடுங்கள். அந்தச் சிறு ஓரம்தான் அட்டைக்குச் சட்டம் போட்ட தோற்றம் தருகிறது. மேல்பக்கம் மடிப்பு வரும் அட்டையில் ஒரே தாளை முன்னும் பின்னுமாகச் சுற்றினால் பின்பக்க யானைகள் தலைகீழாக நிற்கும். இரண்டு துண்டுகளாக வெட்டித்தான் ஒட்ட வேண்டும்.

எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது, வாழ்த்துக்கே இடமில்லாத அட்டை. உள்ளும் புறமும் பூக்களை நிரப்பிவிட்டு, கடைசியில் மூலையில் ‘பொங்கல் வாழ்த்துகள்’ என்று நெருக்கி எழுதுவது. என்ன எழுதப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். நான்கு வரி என்றால் நான்கு வரிக்கு இடம். அதற்குப் பிறகுதான் கத்தரிக்கோல்.

அட்டை செய்துவிட்டு உறை தேடுவதும் வேண்டாம். உறையை முதலில் வாங்குங்கள். எந்தக் கடையிலும் கிடைக்கும் 9 × 4 அங்குல உறைக்கு, ஏ4 அட்டையில் 210 × 190 மி.மீ. வெட்டி நீளவாட்டில் பாதியாக மடித்தால் கச்சிதமாக உட்காரும். மிச்சமாகும் துண்டை அலங்காரத்துக்கு வைத்துக்கொள்ளலாம். எடையையும் கணக்கிடுங்கள்: 300 ஜிஎஸ்எம் ஏ4 அட்டை ஒன்று மட்டுமே கிட்டத்தட்ட 19 கிராம். நம் ஊர்த் தபாலில் கடிதத்தின் முதல் எடைப் படி 20 கிராம்தான். முழு ஏ4-ஐ மடித்து உறையில் போட்டால் தாண்டிவிடும். தபால்தலை குறைந்தால் அட்டையைப் பெறுபவர் பணம் கட்ட நேரிடும். குந்தன் கல், கண்ணாடிச் சில்லு ஒட்டிய அட்டைகள் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும். அவற்றை நேரில் கொடுங்கள்.

உறைமேல் முகவரியை, அட்டையை உள்ளே வைப்பதற்கு முன்பே எழுதிவிடுங்கள். இல்லையென்றால் பேனாவின் அழுத்தம் உள்ளே இறங்கி, நீங்கள் பார்த்துப் பார்த்து ஒட்டிய பூவின்மேல் பின்கோடு எண்கள் பதிந்திருக்கும்.