மின் கட்டணம்: செக்கிலிருந்து யுபிஐக்கு

செக்கில் மின் கட்டணம் கட்டியவரை எனக்குத் தலைவலி தேதிதான். பெட்டியில் போடும் நாள் வேறு, வங்கியில் பணம் கழியும் நாள் வேறு. அதனால் இன்னும் செக்கில் கட்டுபவர்கள் கடைசி நாளுக்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். பின்பக்கம் இணைப்பு எண்ணும் கைபேசி எண்ணும் அவசியம். அடியில் எண்கள் அச்சான வெள்ளைப் பட்டையில் பேனாவும் படக்கூடாது, ஸ்டேப்ளர் பின்னும் குத்தக்கூடாது. தொகையை அடித்துத் திருத்தினால், பக்கத்தில் கையெழுத்துப் போட்டாலும் செக்கின் படத்தை வைத்து வங்கிகள் பணம் தீர்க்கும் சிடிஎஸ் முறையில் ஏற்கமாட்டார்கள். வேறு செக்தான் எழுத வேண்டும்.

யுபிஐயில் தேதிச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் சில நேரம் கணக்கிலிருந்து பணம் போய்விடும், ரசீது வராது. உடனே இரண்டாம் முறை கட்டாதீர்கள். பரிவர்த்தனை விவரத்தில் இருக்கும், அதை அடையாளம் காட்டும் 12 இலக்க யுடிஆர் எண்ணைக் குறித்துக்கொண்டு, மின் வாரியத் தளத்தில் இணைப்பு எண்ணைப் போட்டு நிலுவை காட்டுகிறதா என்று பாருங்கள். காட்டினால், அதே பரிவர்த்தனையைத் திறந்து செயலியிலேயே புகார் பதியுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 விதிப்படி, பில் பணத்தைப் பெறுபவருக்குக் கட்டிய உறுதி போகாவிட்டால், அந்தப் பணம் 5 நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. கேட்டு வாங்குங்கள், அது உங்கள் உரிமை. கடைசி நாள் அதற்குள் வந்துவிட்டால் மட்டும் மறுபடி கட்டலாம்.

இன்னொன்று: இணைப்பு எண்ணில் ஓர் இலக்கம் மாறினாலும் அடுத்தவர் பில்லைக் கட்டிவிடுவோம், அந்தப் பணம் எளிதில் திரும்பாது. தொகைக்கு மேலே வரும் நுகர்வோர் பெயரைப் படித்துவிட்டு யுபிஐ ரகசிய எண்ணைப் (PIN) போடுங்கள்.