கீழமாசி வீதி தெரிந்தால் தீர்க்கக்கோடும் தெரியும்

மதுரை டவுனுக்குள் பதினெட்டு வருஷமாகக் கூரியர் கொடுக்கிறவன் நான். ஏழாவது படிக்கும் அக்கா மகள் ஒருநாள் செல்போன் மேப்பில் 78.1193, 9.9195 என்று தட்டிவிட்டு, "மாமா, மீனாட்சியம்மன் கோயிலைக் காணோம், ஒரே கடலா இருக்கு" என்றாள். எண்ணை மாற்றிப் போட்டுவிட்டாள். அட்சக்கோடு முன்னால், தீர்க்கக்கோடு பின்னால்: 9.9195 வடக்கு, 78.1193 கிழக்கு. புரட்டிப் போட்டால் நார்வேயின் ஸ்வால்பார்டு தீவுகளுக்கு மேற்கே, பனிக்கடலில் போய் நிற்கும்.

ஆரஞ்சுப் பழத்தில் கோடு போட்டுக் காட்டுவது எனக்கு ஒத்துவராது. நம்ம வீதிகளே போதும். தாளின் நடுவே ஒரு புள்ளி வையுங்கள், அது கோயில். அதைச் சுற்றி ஆடி, சித்திரை, ஆவணி மூலம், மாசி, வெளி என ஐந்து வீதிகளையும் வட்டமாகவே வரையுங்கள். நடுப்புள்ளியிலிருந்து நாலு பக்கமும் வெளி வீதி வரை கோடு இழுங்கள்.

இப்போது அந்தப் புள்ளி வட துருவம். வளையங்கள் அட்சக்கோடுகள், நடுவிலிருந்து கிளம்புகிறவை தீர்க்கக்கோடுகள். கவரில் 'கீழமாசி வீதி' என்றிருந்தால், 'மாசி' எந்த வளையம் என்று சொல்கிறது, 'கீழ' எந்தப் பக்கம் என்று சொல்கிறது. வெறும் 'மாசி வீதி' என்று எழுதுகிற புண்ணியவான்களும் உண்டு. அன்றைக்கு நாலு வீதியும் சுற்ற வேண்டியதுதான். ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் பூமியிலும் இதே கதி.

எண்ணிக்கை மட்டும் வெளியிலிருந்து ஆரம்பிக்கும். வெளி வீதிதான் நிலநடுக்கோடு, 0 பாகை. உள்ளே போகப் போகக் கூடி, நடுப்புள்ளியில் 90. மதுரை ஏறக்குறைய 10 பாகை, அதாவது வெளி வீதியிலிருந்து உள்ளே ரெண்டு எட்டு வைத்த இடம். பாகைக்குச் சுமார் 111 கி.மீ. என்றால் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1,100 கி.மீ.யில் இருக்கிறோம். தென்பாதிக்கு இதேபோல் இன்னொரு தாள்.

தீர்க்கக்கோட்டுக்கு எந்தக் கோபுரத்திலிருந்து எண்ணுவது? ஊர் கூடித்தான் முடிவு பண்ண வேண்டும். 1884-ல் வாஷிங்டனில் பல நாட்டுக்காரர்கள் கூடி, லண்டன் கிரீன்விச்சுக்கு 0 கொடுத்தார்கள். அங்கிருந்து கிழக்கே 180, மேற்கே 180. கிழக்குப் பக்கத்திலிருந்து தெற்குப் பக்கம் போக ஆடி வீதியில் கொஞ்ச நடை, வெளி வீதியில் கால் கடுக்கும். தீர்க்கக்கோடுகளின் இடைவெளியும் அப்படித்தான்: மதுரையில் ஒரு பாகை கிட்டத்தட்ட 110 கி.மீ., 60 பாகை வளையத்தில் அதில் பாதிதான்.

நம் தீர்க்கக்கோட்டைக் கண்ணால் பார்க்க, சித்திரை பிறந்த ரெண்டு மூணு நாளில், ஏப்ரல் 15, 16 வாக்கில், மொட்டைமாடிக்குப் போங்கள். செருப்பு முக்கியம். 30 செ.மீ. பிவிசி குழாய்த் துண்டைக் கோணாமல் நிமிர்த்தி வையுங்கள். அக்கா மகள் சரியாக 12 மணிக்குப் பார்த்து, மேற்கே ஒரு விரல் அகலத்துக்கு நிழல் இருக்கிறதே என்று முகத்தைச் சுளித்தாள். பொறு என்றேன். 12:17-க்கு நிழல் குழாயின் காலடியில் அடங்கிப்போனது.

ஏன் 17 நிமிஷம்? நம் கடிகாரம் காட்டுவது உத்தரப் பிரதேச மிர்சாபூர் பக்கம் போகும் 82.5 பாகைக் கோட்டின் நேரம். நாம் அதற்கு மேற்கே இருப்பதால் சூரியன் நம் தலைக்கு மேல் வருவது பிந்துகிறது. பூமி ஒரு பாகை திரும்ப 4 நிமிஷம். 17-ஐ 4-ஆல் வகுத்து 82.5-ல் கழித்தால் நம் தீர்க்கக்கோடு வந்துவிடும். மற்ற மாதங்களில் உச்சி நேரம் தள்ளாடும். நவம்பர் தொடக்கத்தில் 12:01, பிப்ரவரி நடுவில் 12:31 ஆகிவிடும். அதனால் சித்திரைதான் தோது.

கைப்பிடிச் சுவரில் கரித்துண்டால் 78.25 என்று எழுதினாள். "கோயிலைத் திருப்புவனம் பக்கம் நகர்த்திட்டியே" என்றேன்.

"போன தடவை பனிக்கடலுக்கே கொண்டுபோனேன், இது பரவாயில்ல மாமா."