அவனுக்கு எப்படித் தெரிகிறது?

புதுப்புதுக் கணக்குகளிலிருந்து ஒரே ஆள் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தான். மிரட்டல்கூட இல்லை, நான் எங்கே போனேன், யாரிடம் பேசினேன் என்று எனக்கே சொல்வான். தூக்கம் போனது. போன் அதிர்ந்தாலே வயிறு கலங்கும். "பிளாக் பண்ணிட்டுப் போயேன்" என்பது எளிது. அவனுக்கு இதெல்லாம் எப்படித் தெரிகிறது என்பதுதான் என் பயம்.

முதலில் ஆதாரம். தேதி, நேரம், கணக்கின் முகவரி (அதன் பக்கத்துக்கான இணைப்பு, URL) தெரியும்படி ஸ்கிரீன்ஷாட் எடுத்து, வேறொரு சாதனத்தில் சேமித்தேன். பதில் ஒரு வரிகூட எழுதவில்லை.

அப்புறம் கசிவைத் தேடினேன். வாட்ஸ்அப்பில் இணைக்கப்பட்ட சாதனங்களின் பட்டியலில் எனக்குத் தெரியாத ஒரு கணினி; அதிலிருந்து என் செய்திகளைப் படிக்கலாம். கூகுள் மேப்ஸில் இருப்பிடப் பகிர்வும் ஓடிக்கொண்டிருந்தது. பெரும்பாலும் இரண்டுக்கும் என் போன் யாரோ ஒருவர் கைக்குப் போயிருக்க வேண்டும். அப்படியானால் பழகிய ஆளாகத்தான் இருக்கும்! இதை ஜீரணிக்கத்தான் நாளாயிற்று.

துண்டித்தால் அவனுக்குத் தெரிந்துவிடும், கோபம் எப்படித் திரும்புமோ தெரியாது. அதனால் நம்பிக்கையான ஒருவரிடம் முதலில் சொல்லிவைத்தேன். பிறகு அந்தக் கணினியை வெளியேற்றி, பகிர்வை நிறுத்தி, திரைப்பூட்டையும் கடவுச்சொற்களையும் மாற்றி, இரண்டு கட்டச் சரிபார்ப்பை (வழக்கமான நுழைவோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் பூட்டு) போட்டேன். பிளாக் கடைசியில்தான். போலீஸ் புகாரில் ஸ்கிரீன்ஷாட்டுகளை வரிசையாக இணைத்தேன். அங்கே முதலில் கேட்டதும் கணக்கின் முகவரியைத்தான்.