நம்ம டீம் யாரை டிராஃப்ட் பண்ணணும்? சண்டைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

ஏப்ரல் வந்தா போதும், என்எஃப்எல் (அமெரிக்கன் ஃபுட்பால் லீக்) பாக்குற நம்ம ஆளுங்க வாட்ஸ்ஆப் குரூப் எல்லாத்துலயும் ஒரே அடிதடி தான், "நமக்கு லைன் தான்டா வேணும்", "போடா, ரிசீவர் இல்லாம என்னத்த ஜெயிப்ப"ன்னு விடிய விடிய ஓடும், கடைசில பாத்தா யாருமே தன் டீமுக்கு எத்தனாவது பிக் இருக்குன்னுகூட பாத்திருக்க மாட்டான். சண்டை போடுங்க, வேணாம்னு சொல்லல, அதுல தான் சுகமே இருக்கு. ஆனா கொஞ்சம் விஷயத்தோட போடுங்க.

புதுசா பாக்குறவங்களுக்கு சில வரி. காலேஜ் பசங்கள டீம்கள் வரிசையா எடுக்குறது தான் டிராஃப்ட், ஒவ்வொரு முறை எடுக்குறதும் ஒரு பிக். க்யூபி (குவார்ட்டர்பேக்) பந்த எறியுறவன், ரிசீவர் அத புடிக்குறவன், லைன்னா க்யூபி-க்கு முன்னாடி காவல் நிக்குறவங்க, அதுல ஓரத்துல நிக்குறவன் டேக்கிள், நடுவுல சென்டர். இது ஐபிஎல் ஏலம் மாதிரி காச அள்ளி வீசி ஆள தூக்குற கதை இல்ல. மொத்தம் 32 டீம், 7 ரவுண்ட், போன சீசன்ல கேவலமா ஆடுனவன் முதல்ல எடுப்பான், சூப்பர் பவுல் (ஃபைனல்) ஜெயிச்சவன் கடைசில எடுப்பான். வியாழக்கிழமை ராத்திரி முதல் ரவுண்ட் (இந்தியால இருந்து பாத்தா வெள்ளி காலைல அஞ்சரை மணிக்கு எந்திரிக்கணும்), வெள்ளி 2, 3, சனி மிச்சம் எல்லாம்.

முதல் வேலை, பிளேயர் பேரையே பேசாதீங்க. உங்க டீமோட பிக் லிஸ்ட்டையும் காண்ட்ராக்ட் லிஸ்ட்டையும் எடுத்து வச்சுக்கோங்க. யாருக்கு இந்த வருஷத்தோட முடியுது, யாருக்கு அடுத்த வருஷம் முடியுது, யாருக்கு 31 வயசு தாண்டிடுச்சு. இன்னிக்கு இருக்குற ஓட்டைய மட்டும் பாத்துப் பேசுறவன் தான் குரூப்ல சத்தமா பேசுவான், ஆனா டிராஃப்ட்ல வர்ற பையன் நாலு வருஷம் இருக்கப் போறவன், முதல் ரவுண்ட்னா டீம் விருப்பப்பட்டா அஞ்சாவது வருஷமும் வச்சுக்கலாம், அதனால ரெண்டு வருஷம் கழிச்சு எங்க ஓட்டை விழும்னு பாக்கணும். 2020-ல பேக்கர்ஸ் ஸ்டார் க்யூபி ஆரன் ராட்ஜர்ஸ கையில வச்சுக்கிட்டே ட்ரேடு அப் பண்ணி (வேற டீமுக்கு தன் பிக்குகள குடுத்து மேல ஏறி) 26-வது பிக்ல இன்னொரு க்யூபி ஜோர்டன் லவ்வ எடுத்தப்போ ஊரே திட்டுச்சு, ராட்ஜர்ஸ் அந்த வருஷமும் அடுத்த வருஷமும் எம்விபி (சீசனோட சிறந்த பிளேயர் விருது) வேற வாங்கிட்டாரு, திட்டுனவனுக்கு எல்லாம் ஒரே குஷி. 2023-ல ராட்ஜர்ஸ் கிளம்பினதும் லவ் வந்து முதல் சீசன்லயே பிளேஆஃபுக்குக் கூட்டிட்டுப் போனான். இதுல யார் சொன்னது சரின்னு இன்னும் வாதாடலாம், ஏன்னா அந்த பிக்ல ஒரு ரிசீவர எடுத்திருந்தா ராட்ஜர்ஸ் இன்னொரு சூப்பர் பவுல் போயிருப்பாரோ என்னவோ. ஆனா ரெண்டு பக்கமும் பேச விஷயம் இருக்குல்ல, அது தான் நல்ல சண்டை.

சரி, இப்ப முக்கியமான இடம். பெரும்பாலும் எல்லாரும் "அ" நல்லவனா "ஆ" நல்லவனான்னு தான் அடிச்சுக்குறாங்க. அப்படிப் பேசவே கூடாது. ஜோடியா பேசணும். முதல் ரவுண்ட்ல இவனை எடுத்தா ரெண்டாவது ரவுண்ட்ல அந்த இன்னொரு ஓட்டைக்கு யார் மிஞ்சுவான், அந்த ரெண்டு பேரையும் சேர்த்து ஒரு தட்டுல வச்சு, எதிர் ஜோடிய இன்னொரு தட்டுல வைங்க.

2021-ல சின்சினாட்டி டீம் பெங்கால்ஸ் கதைய எடுத்துக்கோங்க (நான் பெங்கால்ஸ் கட்சி, அதனால இதைக் கொஞ்சம் நீட்டி முழக்குவேன், பொறுத்துக்கோங்க). நம்ம க்யூபி ஜோ பர்ரோ 2020 நவம்பர்ல முட்டி ஜவ்வு கிழிஞ்சு படுத்துட்டான். அஞ்சாவது பிக் நம்ம கையில. ஒரு பக்கம் ஓரெகான் காலேஜ் டேக்கிள் பெனே சூவெல், இன்னொரு பக்கம் பர்ரோவோடயே எல்எஸ்யூ காலேஜ்ல ஆடி 2019 சீசன்ல காலேஜ் சாம்பியன்ஷிப் அடிச்ச ரிசீவர் ஜமார் சேஸ். முட்டி போன க்யூபி-க்கு காவல் போடாம பந்து புடிக்க ஆள் எடுக்குறியா, உனக்கு அறிவு இருக்கான்னு பாதிப் பேர். பழைய ரிசீவர் ஏ.ஜே. கிரீன் போய்ட்டாரு, பந்து யாருக்குப் போடுவான்னு மீதிப் பேர். ஒவ்வொரு பக்கமும் தன் ஆளப் பத்தி மட்டும் பத்து பத்தி எழுதுச்சு, ரெண்டாவது ரவுண்ட பத்தி பேசுனவன் ரொம்பக் கம்மி.

நடந்தது என்ன? சேஸ எடுத்தாங்க. ரெண்டாவது ரவுண்ட்ல 38-ல இருந்து 46-க்கு இறங்கி, கிளெம்சன் காலேஜ்ல இருந்து ஜாக்சன் கார்மன்னு ஒரு லைன்மேன எடுத்தாங்க. ஆக ஒரு தட்டுல சேஸும் கார்மனும், இன்னொரு தட்டுல சூவெலும் ரெண்டாவது ரவுண்ட் ரிசீவர் ஒருத்தனும். சேஸ் முதல் வருஷமே 1455 யார்டு, 13 டச்டவுன் (எதிராளி எல்லைக்குள்ள பந்தோட போய் அடிக்கிற ஸ்கோர்), டீம் சூப்பர் பவுல் வரைக்கும் போச்சு. கார்மன் நிலைச்சு ஆடவே இல்ல. பர்ரோ ரெகுலர் சீசன்ல மட்டும் 51 தடவை சேக் ஆனான் (பந்த எறியுறதுக்குள்ள கவுத்துட்டாங்க), பிளேஆஃப்ல டைட்டன்ஸ் 9 தடவை கவுத்தாங்க, சூப்பர் பவுல்ல ராம்ஸ் 7 தடவை. கடைசி நிமிஷம், நாலாவது டவுன் (10 யார்டு முன்னேற கிடைக்குற நாலு வாய்ப்புல கடைசி), ஒரே ஒரு யார்டு வேணும், ராம்ஸோட ஆரன் டொனால்டு உள்ள புகுந்து பர்ரோவ புடிச்சு சுத்துறாரு, அதே நேரம் அந்தப் பக்கம் மறிக்க வேண்டிய ஜேலன் ராம்சி தடுமாறி விழ சேஸ் தனியா ஓடிட்டு இருக்கான், பந்து அவன்கிட்ட போகவே இல்ல, ராம்ஸ் 23-20ன்னு ஜெயிச்சாங்க. சேஸ் கட்சிக்காரன் அந்த வீடியோவ எடுத்து "பாரு, ஆள் ஃப்ரீ"ம்பான், சூவெல் கட்சிக்காரன் அதே வீடியோவ எடுத்து "பாரு, டைம் எங்க"ம்பான். சூவெல் ஏழாவது பிக்ல லயன்ஸுக்குப் போய் 2023, 2024 ரெண்டு வருஷமும் ஆல்-ப்ரோ ஃபர்ஸ்ட் டீம் (லீக்லயே அந்த வருஷத்தோட சிறந்த ஆளுங்க லிஸ்ட்). என்னைக் கேட்டா தப்பு அஞ்சாவது பிக்ல இல்ல, 46-ல தான். அதுக்கப்புறம் 63-ல சீஃப்ஸ் எடுத்த சென்டர் கிரீட் ஹம்ஃப்ரி நம்ம மூக்குக்குக் கீழ தான் இருந்தான். சேஸும் ஹம்ஃப்ரியும்னு ஒரு ஜோடிய நினைச்சுப் பாருங்க, வயிறு எரியுதா இல்லையா.

அடுத்தது பொசிஷன். எல்லா பொசிஷனுக்கும் ஒரே விலை கிடையாது. 2011-க்கு முன்னாடி முதல் பிக்குக்கே சொத்த எழுதி வைக்கணும், 2010-ல சாம் பிராட்ஃபோர்டுக்கு கேரன்டி மட்டும் 5 கோடி டாலர். 2011-ல ரூக்கி (டிராஃப்ட்ல வர்ற புதுப் பையன்) சம்பளத்துக்கு வரம்பு வந்துச்சு, அந்த வருஷ முதல் பிக் கேம் நியூட்டனுக்கு நாலு வருஷத்துக்கு மொத்தமே 2.2 கோடி டாலர். அதுல இருந்து கணக்கே மாறிடுச்சு. எந்த பொசிஷனுக்கு வெளிய மார்க்கெட்ல கொள்ளை விலையோ (க்யூபி, டேக்கிள், ஓரத்துல இருந்து க்யூபி-ய துரத்துற எட்ஜ் ரஷ்ஷர், ரிசீவர், ரிசீவர மறிக்கிற கார்னர்) அதை டிராஃப்ட்ல மலிவா புடிச்சா அந்த மிச்சத்துல நாலு ஆள் வாங்கலாம். ரன்னிங் பேக்க (பந்த தூக்கிட்டு ஓடுறவன) மேல எடுக்காதன்னு சொல்றது அவன் ஆட மாட்டான்னு இல்ல, வெளியவே சல்லிசா கிடைப்பான்னு தான். 2018-ல ஜயன்ட்ஸ் ரெண்டாவது பிக்ல சேக்வான் பார்க்லிய எடுத்தாங்க, அருமையான பிளேயர், ஆனா அவன் 2005 யார்டு ஓடி சூப்பர் பவுல் ஜெயிச்சது 2024 சீசன்ல, ஈகிள்ஸ் சட்டைல. அதுக்கு முன்னாடி இருந்த ஓட்டை லைன்ல அவன் என்ன பண்ணுவான் பாவம்.

காம்பைன் (டிராஃப்டுக்கு முன்னாடி நடக்குற உடல் திறன் டெஸ்ட்) நம்பர் வச்சு பேசுறவனை எப்படி மடக்குறது? 2017-ல இண்டியானபொலிஸ்ல ஜான் ராஸ் 40 யார்ட 4.22 செகண்ட்ல ஓடினான், அப்ப அது ரெக்கார்டு, நம்ம பெங்கால்ஸ் தான் ஒன்பதாவது பிக்ல எடுத்தாங்க, நாலு வருஷத்துல ஒரு சீசன்கூட 1000 யார்டு பக்கம் எட்டிப் பாக்கல. அதுக்கு அடுத்த பிக், பத்தாவது, பேட்ரிக் மஹோம்ஸ். "நமக்குத் தான் டால்டன் இருக்கானே, க்யூபி எதுக்கு"ன்னு அன்னிக்கு நியாயமாத் தான் பட்டிருக்கும். ஆனா நம்பரே பொய்னும் சொல்லிட முடியாது, 2019-ல டி.கே. மெட்கால்ஃப் 4.33 ஓடினதை விட்டுட்டு கோன் டிரில்ல (கோன்கள சுத்தி வளைஞ்சு ஓடுற டெஸ்ட்) மெதுவா திரும்பினான்னு ஊரே சிரிச்சுச்சு, 64-ல சீஹாக்ஸ் எடுத்தாங்க, 2020-ல 1303 யார்டு. அவன் திரும்பவே வேணாம், நேரா ஓடுனா போதும்னு யோசிச்சவன் ஜெயிச்சான். நம்பர பாத்ததும் "இந்த வேலைக்கு இது வேணுமா"ன்னு கேளுங்க, அவ்ளோதான்.

வீடியோ பாக்குறதா இருந்தா தயவு செஞ்சு பாட்டு போட்ட ஹைலைட்ஸ் பாக்காதீங்க, அதுல எல்லாருமே கடவுள் தான். ஒரு முழு மேட்ச் எடுங்க, முடிஞ்சா அவன் தோத்த மேட்ச். டேக்கிளா, பந்த மறந்துட்டு அவன் கால மட்டும் பாருங்க: பின்னாடி சறுக்கிப் போறப்போ கால் ஒட்டிக்குதா, இடுப்ப மடக்கி முன்னாடி விழுறானா, வெளிய ஓடுற ரஷ்ஷர் திடீர்னு உள்ள வெட்டுனா எடை மாத்தி நிக்க முடியுதா, அதுவும் எதிராளி எந்த காலேஜ்னு பாத்துக்கோங்க, சின்ன காலேஜ் பையன தள்ளிவிடுறது பெருமை இல்ல. ரிசீவரா, கார்னர் மூஞ்சிக்கு முன்னாடி வந்து கை வச்சு மறிக்கிறப்போ முதல் ரெண்டு அடில எப்படி விடுபடுறான்னு பாருங்க. ரிசீவருக்கு நாலு அஞ்சு மேட்ச், க்யூபி-க்கு அது பத்தாது. அதுலயும் மூணாவது டவுன்ல 8, 9 யார்டு வேணும்கிற நிலைமைய மட்டும் தனியா எடுத்துப் பாருங்க, ப்ரோ டேல (காலேஜ்லயே டீம்களுக்கு ஆடிக் காட்டுற நாள்) ஷார்ட்ஸ் போட்டு யாரும் துரத்தாம எறியுற பந்துக்கு ஒரு மதிப்பும் கிடையாது.

ட்ரேடு அப் பண்ணுன்னு கத்துறவனுக்கு ஒரு வைத்தியம் இருக்கு. தொண்ணூறுகள்ல ஜிம்மி ஜான்சன் கவ்பாய்ஸ் கோச்சா இருந்தப்ப வந்த பாயின்ட் சார்ட் ஒன்னு இருக்கு, முதல் பிக்குக்கு 3000, அஞ்சாவதுக்கு 1700, 32-வதுக்கு 590. இப்ப டீம்ஸ் வேற வேற கணக்கு வச்சிருக்காங்க, ஆனா குரூப் சண்டைக்கு இது போதும். மேல ஏறணும்னா எதை எதைக் குடுப்ப, கூட்டிக் காட்டுன்னு கேளுங்க, பாதிப் பேர் அங்கயே அமைதியாயிடுவான். 2021-ல நைனர்ஸ் 12-ல இருந்து 3-க்கு ஏற அடுத்த ரெண்டு வருஷ முதல் ரவுண்டையும் ஒரு மூணாவது ரவுண்டையும் குடுத்து க்யூபி ட்ரே லான்ஸ எடுத்தாங்க, அவங்களுக்காக அவன் ஸ்டார்ட் பண்ணினது நாலே மேட்ச். அடுத்த வருஷம் அதே டீம் டிராஃப்டோட கடைசி பிக்ல, 262, ப்ராக் பர்டின்னு ஒரு க்யூபி-ய எடுத்து அவன வச்சே சூப்பர் பவுல் போச்சு.

உடனே ஒருத்தன் வருவான், "அவ்ளோ பெரிய க்யூபி டாம் பிரேடியே 199-வது பிக் ப்ரோ, டிராஃப்டே லாட்டரி தான்"னு. அவன்கிட்ட ஒன்னே ஒன்னு கேளுங்க, 2000-ல 198-வதும் 200-வதும் யாரு? தெரியாது. அப்போ ஆறாவது ரவுண்ட்ல க்யூபி கிடைப்பான்னு நம்பி உக்கார முடியாதுல்ல.

மாக் டிராஃப்ட (யார் யார எடுப்பாங்கன்னு முன்கூட்டியே போடுற கணிப்பு) ஆதாரமா தூக்கிட்டு வர்றவங்களுக்கு 2025 ஞாபகப்படுத்துங்க. ஷெடூர் சாண்டர்ஸ முதல் ரவுண்ட்ல போட்டு எத்தனை மாக் வந்துச்சு, கடைசில அஞ்சாவது ரவுண்ட், 144-வது பிக், பிரவுன்ஸ், அதுவும் அவங்க மூணாவது ரவுண்ட்லயே டில்லன் கேப்ரியல்னு வேற ஒரு க்யூபி-ய எடுத்ததுக்கு அப்புறம். மாக்ல யார் எந்த இடத்துல மிஞ்சுவாங்கன்னு ஒரு குத்துமதிப்பு கிடைக்கும், ஜோடி கணக்கு போட அது உதவும், அதுக்கு மேல அதுல ஒன்னும் இல்ல.

சனிக்கிழமை ரவுண்டுகளுக்கு யாரும் சண்டை போட வேணாம், பேரே தெரியாது, சும்மா நடிக்காதீங்க. பிக் முடிஞ்ச மறுநாள் ஏ, பி, எஃப்னு மார்க் போட்டு கட்டுரை வரும் பாருங்க, அதையும் குரூப்ல ஃபார்வர்டு பண்ணாதீங்க, 2012-ல சீஹாக்ஸுக்கு நிறைய பேர் கேவலமா மார்க் போட்டாங்க, அந்த லிஸ்ட்ல தான் பின்னாடி ஸ்டாரான பாபி வாக்னரும் ரஸ்ஸல் வில்சனும் இருந்தாங்க. அதுக்குப் பதிலா வியாழக்கிழமை சாயந்திரம், பிக் வர்றதுக்கு முன்னாடி, ஆளாளுக்கு தன்னோட ஜோடிய எழுதி குரூப்ல பின் பண்ணி வைங்க, முதல் ரவுண்ட் பேரும் ரெண்டாவது ரவுண்ட் பேரும். எடிட் பண்ணினவன் அட்மின்கிட்ட பதில் சொல்லட்டும்.