புதர் மண்டிய தோட்டத்தைச் சரிசெய்த கதை
இரண்டு வருஷம் கவனிக்காமல் விட்டதில் தோட்டம் இடுப்பளவு புதராகிவிட்டது. நான் செய்த முதல் தப்பு, கோரையைக் கையால் பிடுங்கியது. மேலே இருக்கும் தாள்தான் வரும், கிழங்கு மண்ணுக்குள்ளேயே தங்கிவிடும், கொஞ்ச நாளில் மறுபடி பச்சை. அப்புறம் மண் ஈரமாக இருக்கும்போது ஒரு சாண் ஆழம் கிளறிக் கிழங்கைப் பொறுக்கினேன், முதுகு ஒடிந்துவிட்டது. மற்ற புல்லுக்கு இவ்வளவு பாடு இல்லை: ஒட்டக் கத்தரித்து, டேப் உரித்த அட்டைப்பெட்டிகளை ஓரம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி விரித்து நனைத்து, மேலே நாலு விரல் கனத்துக்குக் காய்ந்த இலை, வெளிச்சம் கிடைக்காமல் புல் மட்கிவிடும். புதுச்செடி வாங்க ஓடாமல், ரப்பர் குழாயைத் தரையில் கிடத்தி வளைவு பார்த்து முதலில் நடைபாதை போட்டேன். புதருக்குள் மறைந்திருந்த பழைய செம்பருத்தியில் மூன்றில் ஒரு பங்குதான் வெட்டினேன், இப்போது அதுதான் நடுநாயகம். கோரை மட்டும் ஓரத்தில் இன்னும் எட்டிப் பார்க்கிறது.