முறைத் தண்ணிக்கு ஒரு டெலிகிராம் பொட்: பனலில் ஏற்றி ஓடவிடுவது எப்படி

சிறுபோகம் தொடங்கினால் கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக்குக் கீழே வயல் செய்கிற சனத்துக்கு ஒரே கேள்விதான், எங்கட வாய்க்காலுக்கு எப்ப தண்ணி? பதில் சொல்லிச் சொல்லியே, தண்ணி பங்கிடும் வட்டவிதானையின் போன் சார்ஜ் இறங்கிவிடும். முறை அட்டவணையை ஒரு பொட்டிடம், அதாவது செய்திக்குத் தானாகப் பதில் சொல்லும் புரோகிராமிடம், கொடுத்துவிட்டால் நடுச்சாமத்தில் கேட்டாலும் சலிக்காமல் சொல்லும். வாட்ஸப்பில் செய்யலாமே என்பீர்கள். அங்கே பிஸ்னஸ் கணக்கு, தனி நம்பர், சில வகைச் செய்திகளுக்குக் கட்டணம் என்று இழுபடும். டெலிகிராமில் காசில்லை.

வீட்டு லப்டொப்பிலும் ஓடவிடலாம்தான், ஆனால் 2022 மார்ச் முடிவில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் வெட்டப்பட்ட நாட்டில் அந்த யோசனையை விட்டுவிடுவது நல்லது. பொட் வைப்பதற்கென்று சிறிய சேர்வர்களை மலிவாக வாடகைக்குத் தருகிறார்கள், அனேகமாக டெரடாக்டில் என்ற பனலோடு, அதாவது சேர்வரை பிரௌசரிலிருந்தே நடத்தும் பக்கத்தோடு. இந்த அளவு வேலைக்கு 256 எம்பி ராம் போதும், கூடுதலாக வாங்கச் சொன்னால் தலையாட்ட வேண்டாம். பொட்டின் கோட் பைதன் என்ற மொழியில் இருக்கும், அதனால் பைதன் சேர்வர் என்று கேட்டு வாங்குங்கள்.

முதலில் டெலிகிராமில், புதுப் பொட்களைப் பதிந்து தரும் பொட்ஃபாதரைத் தேடுங்கள். நீல அடையாளம் உள்ளதுதான் உண்மையானது. நியூபொட் கட்டளையை அனுப்பினால் பெயர் கேட்கும், பிறகு யூசர்நேம் கேட்கும், யூசர்நேம் ‘பொட்’ என்று முடிய வேண்டும். முடிவில் முதலில் எண்கள், நடுவில் முக்காற்புள்ளி, பிறகு நீளமாக எழுத்துகள் என்று ஒரு டோக்கன் வரும். அது யாரிடம் இருக்கிறதோ பொட் அவருடையது, அதனால் உதவி கேட்டு ஸ்கிரீன்ஷொட் போடும்போது கவனம். வெளியே போய்விட்டால் ரிவோக் கட்டளை கொடுத்துப் புதியது எடுங்கள், பழையது அந்த நேரமே செத்துவிடும்.

இனிப் பனல். பைல்ஸ் பக்கத்தில் மூன்று பைல் போட வேண்டும்: கோட் ஒன்று, தேவையான பக்கேஜ்களின் (கோட் பயன்படுத்தும் ஆயத்தத் தொகுப்புகள்) பட்டியல் ஒன்று, முறை அட்டவணை தனி டெக்ஸ்ட் பைலாக ஒன்று. டோக்கனையும் கோட்டுக்குள் எழுதாமல் தனியே வைத்தால் கோட்டை இன்னொருவருக்குக் கொடுக்கும்போது பயமில்லை. ஸிப்பாக ஏற்றி அங்கேயே விரித்தால் பல நேரம் எல்லாம் ஒரு போல்டருக்குள் போய் உட்கார்ந்துவிடும், பனலோ வெளியே தேடிவிட்டு அப்படி ஒரு பைலே இல்லை என்று சொல்லும். வெளியே எடுத்து வையுங்கள். ஸ்டார்ட்அப் பக்கத்தில் எழுதும் பைல் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், உள்ளே ஓடுவது லினக்ஸ், பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் அதற்கு வேறு வேறு.

பக்கேஜ் பட்டியலில் பலர் மாட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது. வேண்டியது ‘பைதன், டெலிகிராம், பொட்’ மூன்றையும் சிறுகோட்டால் இணைத்த பெயர். வெறுமனே டெலிகிராம் என்று எழுதினால் வேறொரு பக்கேஜ் வந்து இறங்கும், பொட் ஓடாது. அந்தப் பக்கேஜின் 20ஆம் பதிப்பில் எழுதும் முறையே மாறிவிட்டது, அதனால் பழைய யூடியூப் பாடங்களைப் பார்த்து எழுதிய கோட் முதல் வரிகளிலேயே நின்றுவிடும்.

சரி, ஸ்டார்ட் அழுத்துங்கள். ‘ஸ்டார்ட்டிங்’ என்று மஞ்சளாகவே நின்றால் பதற வேண்டாம், பனல் எதிர்பார்க்கிற ஒரு வரியை உங்கள் கோட் கொன்சோலில் (பனலில் வரி வரியாகச் செய்தி ஓடும் திரை) எழுதவில்லை, அவ்வளவுதான். பொட்டுக்கு ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள், பதில் வந்தால் ஓடுகிறது. 409 என்று பிழை வந்தால் அதே டோக்கனோடு இரண்டு இடத்தில் பொட் ஓடுகிறது, அனேகமாக லப்டொப்பில் சோதித்ததை நிறுத்தியிருக்க மாட்டீர்கள். 137 என்ற எண்ணோடு விழுந்து, கீழே அவுட் ஒப் மெமரி ட்ரூ என்றிருந்தால் ராம் போதவில்லை. 60 செக்கனுக்குள் திரும்ப விழுந்ததால் இனித் தானாகத் தொடங்கமாட்டேன் என்ற வரியைத்தான் பலர் கொப்பி பண்ணி அனுப்பி உதவி கேட்கிறார்கள். அதில் ஒன்றும் இல்லை, மேலே உருட்டுங்கள், உண்மையான காரணம் அங்கே கிடக்கும்.

டெலிகிராம் கட்டளைகளைத் தமிழில் வைக்க முடியாது, ஆங்கில எழுத்தும் எண்ணும் அடிக்கோடும் மட்டும்தான். ஆனால் கீழே வரும் பட்டன்களில் தமிழ் தாராளமாகப் போகும். வாய்க்கால் பெயர்களைப் பட்டனாக வையுங்கள், எழுத்துக் கூட்டிக் கஷ்டப்படாமல் ஐயாமாரும் தட்டுவார்கள். குரூப்பில் சேர்த்தால் சாய்கோட்டில் (/) தொடங்காத செய்திகளில், பொட்டுக்கு ரிப்ளையாக வருவது தவிர மற்றவை அதற்குத் தெரியாது. பொட்ஃபாதரில் பிரைவசியை நிறுத்திவிட்டுப் பொட்டைக் குரூப்பிலிருந்து எடுத்துத் திரும்பச் சேர்க்கலாம். நான் என்றால் குரூப்பில் போடவே மாட்டேன், ஒவ்வொருவரும் தனியே கேட்கட்டும்.

அட்டவணை அனேகமாக யாரோ பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய வேர்ட் பைலாகத்தான் கையில் வரும். அப்படியே ஒட்டினால் பொட் ஆங்கில எழுத்தும் குறிகளுமாக ஏதோ அனுப்பும். யூனிகோடுக்கு மாற்றி, யூடிஎஃப்-8 ஆகச் சேமித்து, கோட்டிலும் பைலைத் திறக்கும் வரியில் யூடிஎஃப்-8 என்று குறிப்பிடுங்கள்.

யூசர்ஸ் பக்கத்தில் இன்னொருவருக்கு உள்ளே வர அனுமதி கொடுக்கலாம். வட்டவிதானையின் மகனோ மகளோ போனிலிருந்தே அட்டவணையைத் திருத்தலாம், ஆனால் பைல் பார்க்கும் அனுமதி எல்லாப் பைலுக்கும் சேர்த்துத்தான், டோக்கனும் கண்ணில் படும். நம்பிக்கையான ஆளுக்கு மட்டும் கொடுங்கள்.

காலை ஆறு மணிக்கு அன்றைய முறையை அனுப்பும் வேலையையும் கோட்டில் சேர்த்தால், சேர்வரின் நேரத்தை ஒருக்கா பாருங்கள். அனேகமாக உலகப் பொது நேரமான யூடிசியில் இருக்கும். நமக்கு ஐந்தரை மணித்தியாலம் கூட, அதனால் அங்கே 00:30 என்று கொடுக்க வேண்டும். ஆறு என்றே கொடுத்தால் பதினொன்றரைக்குத்தான் செய்தி வரும், அதற்குள் தண்ணி அடுத்த வாய்க்காலுக்குப் போயிருக்கும்.